சராசரி சாரின் சிவப்பு வட்டம்

ஆட்டம் முடிந்து இரண்டு பேரும் குலுக்கிய கையை இன்னும் விட்டிருக்கமாட்டார்கள். அதற்குள் நடுவே மூன்றாவதாக ஒரு கை நுழையும். ஜெயித்தவரை வாழ்த்த அல்ல. தோற்றவரைத் தேற்றவும் அல்ல. நகர்த்தல்கள் எழுதிய தாளை வாங்க. வாங்கியதும் சராசரி சார் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பதினேழாவது வரியில் விரலை வைப்பார். "இது குதிரையா, ராணியா? கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கே" என்பார். அப்போதுதான் ராணியைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர், ராணிதான் சார், போனது ராணியேதான் என்று தன் வாயாலேயே இன்னொரு முறை சொல்லியாக வேண்டும்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது அந்தச் செஸ் சங்கம். பன்னிரண்டு உறுப்பினர்கள், ஆறு பலகைகள், இரண்டு மின்விசிறிகள், அதில் ஒன்று ஓடும். ஒவ்வொரு பலகையிலும் வெள்ளைக் காய் ஆடியவர் எழுதிய தாள் ஆட்டம் முடிந்ததும் ஒரு தகரப் பெட்டிக்குள் போக வேண்டும் என்பது விதி. பெட்டியின் சாவி ஒன்பது வருஷமாகச் சராசரி சாரிடம்தான். ஒருமுறை ஒரு தாள் குறைந்துவிட்டது. மனிதர் குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார், ஜெராக்ஸ் கடையின் கழிவுக் காகிதத்தை ஒரு பாட்டம் கிளறினார், கடைசியில் இரண்டு பஸ் மாறி அந்த ஆட்டக்காரரின் வீட்டுக்கே போய்விட்டார். அங்கே அவருடைய மகள் தாளின் பின்பக்கம் ஒரு பூனை வரைந்து வண்ணமும் தீட்டி வைத்திருந்தாள். குழந்தை அழ அழ, பூனையோடு சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தார். "ஒரு தாள் குறைஞ்சாலும் சராசரி சாஞ்சிடும்" என்று வாசலிலேயே விளக்கமும் கொடுத்தாராம். அந்த வருஷத்துக் கோப்பில் பூனை இன்னும் இருக்கிறது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. சங்கத்தின் சந்தா ரசீதில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் சராசரி சார். மெலிந்த தேகம், மூக்கின் பாதியில் தங்கும் கண்ணாடி, எந்தச் சட்டை வாங்கினாலும் மூடி வைத்த பை. பைக்குள் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. பையின் மூடிக்குப் பொத்தான் உண்டு, ஆனால் அதை அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை. பேனாவை எடுக்க அரை விநாடி வீணாகும் என்பது அவர் கணக்கு.

பிழைப்பு குடிநீர் அலுவலகத்தில். ஊரில் எந்த வீட்டு மீட்டர் வழக்கமான அளவைவிட மூன்றில் ஒரு பங்கு ஏறினாலும் இறங்கினாலும் அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, "விளக்கம் தேவை" என்று கடிதம் அனுப்புவது அவர் வேலை. இரட்டைக் குழந்தை பிறந்த வீட்டுக்குக் கடிதம் போனது. மாமியார் வந்து தங்கிய வீட்டுக்குப் போனது. ஒரு வீட்டில் தண்ணீர்ச் செலவு பாதியாகக் குறைந்திருக்க, அங்கேயும் போனது. அந்த வீட்டம்மா கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்து, வீட்டுக்காரர் போன மாசம் தவறிவிட்டார் என்று சொன்னார். சராசரி சார் எழுந்து நின்று, மெய்யாகவே வருந்தி, "கவலைப்படாதீங்கம்மா, நாலு மாசத்துல சராசரி தானா சரியாயிடும்" என்றார். இதைச் சொன்னதில் என்ன தப்பு என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லை. அந்த அம்மாள் ஏன் அப்படிப் பார்த்தார் என்று மேஜைக்கு எதிரே இருப்பவரிடம் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி ஒரு ஸ்கேன் மையத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்து நாளெல்லாம் ஜனங்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வருபவர். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது, "இந்த வாரம் சராசரியா பதினோரு நிமிஷம் லேட்டா வர்றே" என்று வரவேற்பு கிடைக்கும். ஆரம்பத்தில் அழுதார், அப்புறம் சண்டை போட்டார், இப்போது அவரும் தேறிவிட்டார். "போன வாரம் போட்ட சண்டையில நீங்க எத்தனை, நான் எத்தனை?" என்று திருப்பிக் கேட்கிறார். கேட்டால் சராசரி சார் யோசிக்கிறார். அதுதான் கொடுமை.

சங்கத்தில் அவர் அளப்பது இதை: ஒருவர் ஆடிய ஒவ்வொரு நகர்த்தலையும் மடிக்கணினியில் ஏற்றி, அதே இடத்தில் கம்ப்யூட்டர் என்ன ஆடியிருக்கும் என்று பார்ப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு மதிப்பெண். நூறு நகர்த்தலுக்கு எத்தனை ஒத்துப்போகிறது என்பதுதான் அந்த மனிதரின் எண். சங்கத்தின் சராசரி நாற்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் பச்சைப் பலகையில் பட்டியலை ஊசி குத்தித் தொங்கவிடுவார். அதோடு நின்றாலாவது தேவலை. ஆளுக்கு ஒரு தனித் தாள் வேறு அச்சடித்துக் கையில் திணிப்பார். "தோற்கும்போது தங்கள் தவறுகள் இரட்டிப்பாகின்றன." "சனிக்கிழமை ஆட்டங்களைவிட ஞாயிறு ஆட்டங்களில் தாங்கள் பன்னிரண்டு விழுக்காடு மந்தம்." யாராவது முகத்தைச் சுளித்தால் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவார். "நான் சொல்லலை, நம்பர் சொல்லுது."

சரி, மனிதர் தான் எப்படி ஆடுவார்? அதைக் கேட்பானேன். முதல் பதினாலு நகர்த்தல்களுக்கு ஒரு தடித்த புத்தகத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். அதைத் தண்ணீர்பட்ட பாடாய் ஒப்பிப்பார். பதினாலாவது நகர்த்தல் முடிந்ததும் பலகைக்கு மேலே வலது கையை நீட்டி, "என்ன, போதுமா?" என்பார். டிரா. எதிரே இருப்பவருக்கும் பெரிய ஆட்சேபம் இருக்காது. அவரை ஜெயிக்க மூன்று மணி நேரம் ஆகும், கீழே டீ ஆறிப்போகும். ஒன்பது வருஷத்தில் அவர் ஒரு ஆட்டம் தோற்றதில்லை. ஜெயித்ததும் இல்லை என்பதை அவர் ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை.

பச்சைப் பலகையில் தொங்கும் பட்டியலில் பதினோரு பெயர்கள்தான் இருக்கும். பன்னிரண்டாவது எங்கே என்று ஒருமுறை யாரோ கேட்டார்கள். "தராசைத் தூக்கித் தராசுத் தட்டில வைக்க முடியுமா?" என்று கேட்டு அடக்கிவிட்டார். ஆனால் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த இரண்டொரு சந்தர்ப்பத்தில், தன் ஆட்டங்கள் இருக்கும் வரிசையின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். அழுத்தினால் எண் வந்துவிடும். அழுத்தாமல் கணினியை மூடிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டார்.

வருஷத்துக்கு ஒருமுறை சங்கங்களுக்கு இடையே போட்டி நடக்கும். இங்கிருந்து நாலு பேர் கொண்ட அணி போகும். யார் அந்த நாலு பேர் என்பதை முடிவு செய்ய, "பங்களிப்புக் குறியீடு" என்று ஒரு சூத்திரம் வைத்திருந்தார். ஜெயிப்பதைவிடத் தோற்காமல் இருப்பதற்கு அதில் அதிக எடை. முதல் மூன்று இடங்களில் ஆட்கள் மாறுவார்கள். நாலாவது இடத்தில் ஒன்பது வருஷமாக ஒரே ஆள். அவர் யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? போகும் ஊர்களில் எல்லாம் நாலாவது பலகையில் டிரா செய்துவிட்டு, அணிச் சட்டையோடு படம் எடுத்துக்கொள்வார். அந்த ஒன்பது படங்களும் வீட்டுக் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கின்றன. மனைவி வேறு எதையும் அந்தச் சுவரில் மாட்ட முடியாது.

இந்த இடத்தில்தான் கண்ணாடிக்கடைப் பெண் வருகிறார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் போட்டிருக்கும் கண்ணாடியே சோடாப் பாட்டிலின் அடிப்பாகம் போலக் கனமானது. மூன்று வருஷமாகச் சங்கத்துக்கு வருகிறார், மூன்று வருஷமாகக் கடைசி. போன வருஷம் ஏழு சுற்றில் ஆறு தோல்வி, ஒரு டிரா, அந்த டிராவும் யாருடன் என்று கேட்க வேண்டாம். அவருடைய எண் இருபத்தொன்பது. தோற்றாலும் எதிராளிக்குக் கை கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டேதான் படியிறங்குவார். அந்தச் சிரிப்புக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று சராசரி சாருக்குத் தெரியாததால் அதை விட்டுவிட்டார்.

இந்த வருஷம் அந்தப் பெண் முதல் ஐந்து சுற்றில் நாலு ஜெயித்துவிட்டார்.

சராசரி சார் தாள்களைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி மறுபடி ஏற்றிப் பார்த்தார். அறுபத்து மூன்று. இருபத்தொன்பது எங்கே, அறுபத்து மூன்று எங்கே! குடிநீர் அலுவலகமாக இருந்தால் குழாயையே தோண்டிப் பார்த்திருப்பார்கள். ஐந்தாம் சுற்று முடிந்த ஞாயிற்றுக்கிழமை பச்சைப் பலகையில் பட்டியல் தொங்கியபோது அந்தப் பெண்ணின் வரியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. பக்கத்தில் அதே சிவப்பில், "விளக்கம் தேவை." அணியின் நாலாவது இடம் அந்தப் பெண்ணிடம் போகும் நிலையில் இருந்தது என்பதும், சந்தேகம் தீரும்வரை வட்டத்துக்குள் இருப்பவரை அணியில் சேர்க்கக்கூடாது என்று விதி இருப்பதும், அந்த விதியை எழுதியவர் யார் என்பதும் தற்செயல்தானாம். அப்படித்தான் அவர் நினைத்தார். மனமறிந்து பொய் சொல்லும் ஆள் இல்லை அவர். அதற்கு வேறு விதமான தைரியம் வேண்டும்.

ஒரு சிவப்பு வட்டம் என்ன பாடு படுத்தும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறித்தவர்கள் நாற்காலியை அரை அடி தள்ளிப் போட்டார்கள். அந்தப் பெண் தண்ணீர் குடிக்க எழுந்தால் பத்துக் கண்கள் பின்னாலேயே போயின. ஒருவர் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார், திறந்து காட்டினார். உள்ளே ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், துடைக்கும் துணி, பாதி பிஸ்கட் பாக்கெட். அப்போதுதான் சராசரி சாருக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. வேலை கண்ணாடிக் கடையில். முகத்தில் இவ்வளவு கனமான கண்ணாடி. சட்டத்துக்குள் ஒரு கேமரா, காதோரம் ஒரு சின்னக் கருவி. அடேயப்பா, இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை!

ஆறாம் சுற்றுக்கு முன் கண்ணாடியைக் கழற்றித் தரச் சொன்னார். உருப்பெருக்கி வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது சந்தேகத்தை இன்னும் கூட்டியது. ஆட்டம் முடியும்வரை அது தகரப் பெட்டியில் இருக்கட்டும் என்றார். அந்தப் பெண் அப்படியே போய் உட்கார்ந்தார். மூக்கு பலகையில் இடிக்கக் குனிந்து குனிந்து ஆடினார். குதிரை என்று நினைத்து மந்திரியைத் தொட்டுவிட்டார். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும், நகர்த்தினார், தோற்றார். அன்றைய எண் இருபத்து நாலு.

"பாத்தீங்களா? கண்ணாடியைக் கழட்டினதும் நம்பர் விழுந்துடுச்சு" என்று சராசரி சார் அறை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். அவ்வளவு மகிழ்ச்சி முகத்தில். நிரூபணமாகிவிட்டதாம்.

சங்கத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறக்க வைப்பதே தொழிலாக இருப்பதாலோ என்னவோ, தன் வாயை அதிகம் திறக்கமாட்டார். அன்று கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தவர் அவர்தான். அந்தப் பெண் அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பச்சைப் பலகைக்கு முன்னால் போய் நின்று, வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"நான் பொழுதுபோக்குக்குத்தான் இங்க வர்றேன், சார். தோத்துட்டுப் போனா எனக்கு ஒண்ணும் இல்லை. மூணு வருஷம் அதைத்தானே செஞ்சேன். திருடின்னு பேர் வாங்கிட்டு மட்டும் போகமாட்டேன்."

சராசரி சார் உள்ளங்கைகளை விரித்தார். தான் சொல்லவில்லை, நம்பர் சொல்லுகிறது. ஒரே வருஷத்தில் முப்பத்து நாலு புள்ளி எப்படி ஏறும், அதற்கு ஒரு காரணம் வேண்டாமா, விளக்கம் கொடுத்தால் வட்டத்தைத் தானே அழித்துவிடுவதாகச் சொன்னார்.

"விளக்கமா? இந்த வருஷம் நீங்க குடுத்த தாளைப் படிக்கலை" என்றார் அந்தப் பெண். "போன வருஷம் வரைக்கும் படிச்சேன். அவசரம்னு எழுதியிருப்பீங்க, நிதானமா ஆடுவேன், டைம் போயிடும். பயம்னு எழுதியிருப்பீங்க, ராணியைக் கொண்டுபோய் முன்னால வைப்பேன். இந்த வருஷம் லென்ஸ் தேய்க்கிற மிஷினுக்கு அடியில விரிச்சிட்டேன். தண்ணியை நல்லா உறிஞ்சுது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சராசரி சாரின் காது மடல் சிவந்தது. இது அளக்கக்கூடிய காரணம் இல்லை, ஏற்றுக்கொள்ள முடியாது என்றார். அப்போது அந்தப் பெண் கேட்ட கேள்விதான் ஒன்பது வருஷமாக யாரும் அழுத்திக் கேட்காதது. இந்தப் பட்டியலில் உங்கள் எண் எங்கே? தராசு, தட்டு என்று அவர் தொடங்குவதற்குள் டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போடுங்க சார். நம்பர் என்ன சொல்லுதுன்னு நாங்களும் கேக்குறோம்."

போடாமல் இருக்க வழி இல்லை. மடிக்கணினியின் திரை சுவரில் விழும்படி ஒரு புரொஜெக்டரோடு இணைத்தார்கள். சராசரி சாருக்கு உள்ளூர ஒரு நம்பிக்கையும் இருந்தது: நாற்பத்தொன்று வரும், அல்லது நாற்பத்து மூன்று, கௌரவமான, யாரும் கண் வைக்காத ஓர் எண். இந்த வருஷத்து ஆறு டிராக்களையும் தேர்ந்தெடுத்தார். எண்பத்து நாலு நகர்த்தல்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு அழுத்தினார்.

சுவரில் தொண்ணூற்று நாலு என்று விழுந்தது.

முதல் பலகைக்காரர், சரக்கு வண்டி ஓட்டுபவர், மெதுவாக ஆரம்பித்தார். "அட, ஒன்பது வருஷமா கம்ப்யூட்டரே நம்ம கூட உக்காந்து டீ குடிச்சிருக்கு, தெரியாமப் போச்சே." அறை அதிர்ந்தது. இன்னொருவர் எழுந்து வந்து உருப்பெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, "சார், கொஞ்சம் கண்ணாடியைக் கழட்டுங்க" என்றார். சராசரி சாரின் முகத்தில் ஈயாடவில்லை. கை தன்னையறியாமல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் ஒருத்திதான் சிரிக்கவில்லை.

"அது நான் மாட்டிக் குடுத்த லென்ஸ்தான்" என்றார். "அதுல ஒண்ணும் இல்லை. எனக்குத் தெரியும்."

டாக்டர் கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினார். விஷயம் ஒன்றும் மர்மம் இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆரம்ப நகர்த்தல்கள் எல்லாம் புத்தகத்தில் இருப்பவை. கம்ப்யூட்டரும் அதைத்தான் ஆடும், ஒப்பிக்கிறவரும் அதைத்தான் ஆடுவார். சராசரி சார் முதல் நகர்த்தலிலிருந்தே எண்ணுகிறார். அப்புறம், எதிராளி உங்கள் யானையை வெட்டினால் நீங்கள் பதிலுக்கு வெட்டித்தான் ஆக வேண்டும். அது தன் நோயாளிக்கே தோன்றும், வலியோடு படுத்திருக்கும்போதே தோன்றும். அந்தப் பெண்ணின் எதிராளிகள் இந்த வருஷம் வெட்டு வெட்டென்று வெட்டியிருக்கிறார்கள், அதற்கெல்லாம் மதிப்பெண் விழுந்திருக்கிறது. ஆகவே புத்தகத்துக்குரிய முதல் பதினாலையும், வேறு வழியில்லாமல் ஆடியவற்றையும் தள்ளிவிட்டு எண்ணிப் பார்ப்போம்.

அரை மணி நேரம் எல்லோரும் தாள்களைச் சுற்றி உட்கார்ந்து அடித்தார்கள், தள்ளினார்கள். கண்ணாடியோடு ஆடிய ஐந்து ஆட்டங்களுக்கு அந்தப் பெண்ணின் எண் நாற்பத்தாறுக்கு இறங்கியது. "இது நல்லா ஆடுறவங்க நம்பர். திருடுறவங்க நம்பர் இல்லை" என்றார் டாக்டர். அடுத்து சராசரி சாருடைய வரி. அழுத்தினார்கள். எண்ணே வரவில்லை. வகுக்க எதுவும் இல்லை, பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று கணினி ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. ஆறு ஆட்டத்திலும் அவர் பதினைந்தாவது நகர்த்தலை எட்டவே இல்லை. டாக்டர் போன வருஷத்தையும் சேர்க்கச் சொன்னார். அப்போதும் அதே எச்சரிக்கை. ஒன்பது வருஷத்தையும் சேர்த்தார்கள். அப்போதும்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். புரொஜெக்டரை யாராவது அணைக்கமாட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார். டாக்டர் எழுந்து போய்ப் பச்சைப் பலகையிலிருந்து பட்டியலை எடுத்து நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். இந்த வருஷம் குறியீடும் வேண்டாம் சூத்திரமும் வேண்டாம், வெறும் புள்ளிதான் என்று அறிவித்தார்.

புள்ளிக் கணக்கு குழந்தைக்கும் விளங்கும். முதல் மூன்று இடம் முடிவாகிவிட்டது. நாலாவதற்கு அந்தப் பெண்ணிடம் நாலு, சராசரி சாரிடம் மூன்று. கடைசிச் சுற்றில் இருவரும் ஒருவருக்கொருவர் மோத வேண்டும் என்று சீட்டு விழுந்திருந்தது. அவர் ஜெயித்தால் சமம். சமமானால் பழைய ஆளுக்கே இடம். டிரா ஆனால் அந்தப் பெண்ணுக்கு. ஆக, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு ஆட்டத்தை ஜெயித்தாக வேண்டும்.

அந்த வாரம் முழுக்க மனிதர் தலைகால் புரியாமல் திரிந்தார். அலுவலகத்தில் பதினோரு வீடுகளுக்கு வட்டம் போட மறந்தார். சனிக்கிழமை சாயங்காலம் மனைவி, ஒன்பது படங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்த அவரிடம் காப்பியை நீட்டி, என்னதான் யோசனை என்று கேட்டார். ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போடப் பார்ப்பதாகவும், இதுவரை ஜெயித்ததில்லையாதலால் கணக்கு எங்கேயும் பிடிபடவில்லை என்றும் சொன்னார்.

"ஏங்க, ஆடித்தான் பாருங்களேன்" என்றார் மனைவி. கேலியாகச் சொல்லவில்லை.

கடைசிச் சுற்று. சராசரி சாருக்கு வெள்ளைக் காய். எதிரே அந்தப் பெண், கண்ணாடியோடு. மற்ற ஐந்து பலகைகளிலும் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தங்கள் ஆட்டத்தில் பாதி கவனம்தான். பதினாலு நகர்த்தல்கள் மடமடவென்று ஓடின. பதினாலாவதை ஆடிக் கடிகாரத்தை அழுத்தினார். அழுத்திய கை மடிக்குத் திரும்பவில்லை. பலகைக்கு மேலே எழுந்து, காய்களைத் தாண்டி, எதிர்ப்பக்கம் போய் நின்றது.

"என்ன, போதுமா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. டிரா என்றால் இடம் போயிற்று. அறையில் எல்லோருக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும், கைக்கு மட்டும் தெரியவில்லை.

அந்தப் பெண் கையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். பிடித்துக் குலுக்கினால் வேலை முடிந்தது. அணிச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"எனக்குப் போதும்தான், சார்" என்றார். "ஆனா இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கலையே."

சொல்லிவிட்டு ஒரு சிப்பாயைத் தள்ளினார். சராசரி சாரின் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது.

பதினைந்தாவது நகர்த்தலுக்கு அவர் இருபத்திரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டார். பலகையில் காய்கள் அதே காய்கள்தான், ஆனால் அவருக்கு யாரோ கலைத்து வைத்த மாதிரி இருந்தது. குதிரையைத் தொடப் போனார், கையை இழுத்துக்கொண்டார், மறுபடி போனார். கடைசியில் குதிரையைத் தூக்கி வைத்துவிட்டுத் தாளில் எழுதினார். எழுதும்போது இடது கையைக் குவித்து அந்த வரியை மறைத்துக்கொண்டார், பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்த்துவிடுவானோ என்று பயப்படுகிற மாதிரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் அப்படியேதான் எழுதினார். இருபதாவதில் ஒரு சிப்பாய் போயிற்று. இருபத்து நாலில் யானை. நெற்றி வியர்வை மூக்குக் கண்ணாடியில் சொட்ட, கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஆடினார். ஒரு கட்டத்தில் அந்தப் பெண்ணே இரண்டு நிமிஷம் நிமிராமல் யோசிக்கும்படி ஏதோ ஒன்று செய்தார். என்ன செய்தோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். முப்பத்தொன்றாவதில் ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினார். இந்தத் தடவை அந்தப் பெண் பிடித்துக் குலுக்கினார். நடுவே மூன்றாவது கை எதுவும் வரவில்லை.

ஆட்டங்கள் எல்லாம் முடிந்தன. வழக்கம்போலச் சராசரி சார் ஒவ்வொரு மேஜையாகப் போய் மற்ற தாள்களை வாங்கினார். யாரிடமும் இது குதிரையா ராணியா என்று கேட்கவில்லை. அடுக்கித் தகரப் பெட்டியில் வைத்து, சாவியை டாக்டரின் முன்னால் வைத்தார். டாக்டர் பழக்கதோஷத்தில் எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"ஆறு பலகை. அஞ்சு தாள்தானே இருக்கு?"

சராசரி சார் சட்டைப் பையிலிருந்த நீலப் பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். சிவப்பையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பைக்குள் நாலாக மடித்த ஒரு தாள் மட்டும் இருந்தது.

"ஒரு தாள் குறைஞ்சா சராசரி ஒண்ணும் பெரிசா மாறிடாது, டாக்டர்" என்றார். பையின் மூடியை இழுத்து விட்டு, பொத்தானைப் போட்டார்.